இரண்டாவது பொருள்

அலியார்டோஸ் பருத்தி ஆலையில்
பஞ்சுத் தூசி ஜன்னல் கம்பிக்குத் தாடி வளர்த்திருந்த அறைக்கு
லிவர்பூலிலிருந்து ஒரு கடிதம்:

"மன்னிக்கவும். உங்கள் விலைப்பட்டியலின் மூன்றாம் பத்தி
பிடிபடவில்லை.
நான் ஒரு பியோஷியன் என்று வைத்துக்கொண்டு
மறுபடி ஒருமுறை விளக்குங்களேன்.
என்ட்விசில்."

கரிஃபாலியா இரண்டு முறை படித்தாள்.
பியோஷியனா?
நம்ம ஊர்க்காரரா இவர்?
தீபையில் பெண்ணெடுத்தவரோ, தாய்வழி லிவாதியாவோ?
என்ட்விசில் என்றொரு குடும்பம்
இந்தச் சமவெளியில் எந்தக் கல்லறையிலும் இல்லையே.

எடைக்கல் போலக் கனத்த அகராதியைப் புரட்டினாள்.
முதல் பொருள்: பண்டைய கிரேக்கத்தில் பியோஷியா நாட்டவர்.
இரண்டாவது: மந்தபுத்திக்காரர், ரசனை கெட்டவர்.

வெளியே லாரியில் பொதி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்
இரண்டாவது பொருள்கள்.
ஒருவன் சீழ்க்கை அடித்தான், சுதி சுத்தமாக.

வியோட்டியா என்றுதான் அங்கே சொல்வார்கள்.
மாடுகளின் நாடு.
ஒரு பசுவின் பின்னால் நடந்து
அது படுத்த இடத்தில் ஊர் கட்டினார்கள் என்று கதை.
மாட்டின் பேரை வைத்துக்கொண்ட மண்ணை
மாடே என்று திட்ட
எவ்வளவு யோசிக்க வேண்டும்?

திட்டியது ஆங்கிலேயர் இல்லை, பாவம்.
பக்கத்து வீட்டு ஏதென்ஸ்காரர்கள்தான்.
கோப்பாய்ஸ் ஏரியின் மூடுபனியில்
காற்றுக்கு மந்தம், அதனால் மண்டைக்கும் மந்தம் என்றார்கள்.
அதே ஏரியின் விலாங்குமீனைத் தின்று
விரல் நக்கியபடி சொன்னார்கள்.
ஆங்கிலம் அதைக் கேட்டு எழுதிக்கொண்டது, அவ்வளவே.

அகராதியில் முன்னே போய்ப் பார்த்தாள்.
ஏதென்ஸ் இருக்கும் அட்டிக்கா, ஆங்கிலத்தில்
அட்டிக் ஆகியிருந்தது:
கூரைக்கடியில் ஒரு அறை,
உடைந்த நாற்காலி, எலிப்புழுக்கை, பழைய பெட்டிகள்.
அன்றைய காபி
அவளுக்குச் சற்றே இனித்தது.

அப்புறம் அந்த ஏரி.
அதை வற்றவைத்தது ஓர் ஆங்கிலக் கம்பெனி.
கால்வாய் வெட்டி, கணக்கு எழுதி,
ஏரியின் அடித்தரையைக் குத்தகைக்கு விட்டது.
அவளுடைய தாத்தா லாம்ப்ரோஸ் அவர்களிடம்
மதகு திறந்து மூடும் வேலை பார்த்தார்.
(தமிழில் மடையன்.
எங்களுக்கும் அந்த வசவு தண்ணீரிலிருந்துதான் வந்தது என்பார்கள்.)

பனி போயிற்று. விலாங்கு போயிற்று.
காற்று இப்போது ரசீதுத்தாள் மாதிரிக் காய்ந்து கிடக்கிறது.
ஏரியை வடித்தவர்கள்
சொல்லுக்கு ஒரு கால்வாய் வெட்டவில்லை.
அது அகராதியில் அப்படியே
தேங்கி நிற்கிறது.

பதில் எழுதினாள்:

"ஐயா, பியோஷியன் ஆவது
நீங்கள் நினைப்பது போல் எளிதல்ல.
ஜூலை வெயிலில் பாத்திக்கு நீர் திருப்பத் தெரிய வேண்டும்.
காலடியில் ஒரு ஏரி இருந்ததை
மழைக்காலத்தில் மட்டும் நினைக்க வேண்டும்.
பிறகு, இங்கே பிறந்திருக்க வேண்டும்.
மூன்றையும் நான் முடித்துவிட்டேன்.
உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கிறோம்.
மூன்றாம் பத்தியைப் பொறுத்தவரை"

என்று எழுதி நிறுத்தி
மூன்றாம் பத்தியை எடுத்துப் பார்த்தாள்.
பொதி என்று இருக்க வேண்டிய இடத்தில்
கிலோ என்று இருந்தது.
அவள் கையெழுத்தேதான்.

நெடுநேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு திருத்தினாள். மேலே எழுதியதை அடிக்கவில்லை.
தபாலில் சேர்த்தாள்.

பன்னிரண்டு நாள் கழித்து லிவர்பூலிலிருந்து
ஒரு முழுத்தாள், அதன் நடுவில்
இரண்டே சொற்கள்:
"புரிந்தது. அனுப்பிவிட்டேன்."

திருப்பிப் பார்த்தாள். பின்பக்கமும் வெறுமை.
சொற்சிக்கனத்துக்கு ஆங்கிலம்
ஸ்பார்ட்டாக்காரர்களின் நாட்டுப் பெயரைத்தான் வைத்திருக்கிறது:
லக்கோனியா.

அங்கே பெண்ணெடுத்தவரோ என்னவோ.