குறிக்காத புள்ளி

அலுவலக வரைபடத்தில் காலா தொழிற்பேட்டைக்குப் பின்னால்
பழுப்பாய் ஒரு பட்டை.
நிறக்குறிப்பில் அதன் பெயர் 'பயன்பாடற்ற நிலம்'.
செயற்கைக்கோள் படமெடுத்தது காலை பத்தரைக்கு.
அந்நேரம் அங்கே யார் இருப்பார்கள்?
எல்லோரும் மஸ்கட்டைக் கட்டப் போயிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து, பிரியாணியும் முடிந்து,
முகாமின் சாப்பாட்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு
விரித்தேன் அந்தத் தாளை, ஆறடிக்கு நாலடி.
பொறியாளர் ரயா அரபியில் சொன்னதை
தமிழிலும் என் அரைகுறை இந்தியிலும் சொன்னேன்:
"இருபது வருஷத்துக்கான நகரத் திட்டம்.
நீங்க நடக்குற வழியைக் கோடு போடுங்க."

நெடுநேரம் யாரும் பேனாவைத் தொடவில்லை.
இருபது வருஷம் என்ற சொல்லை
இரண்டு வருஷ விசாக்காரர்கள்
மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதலில் எழுந்தவர் சாரம் கட்டும் சேகு நெய்னா.
தாளைத் தலைகீழாகத் திருப்பினார்.
"மலை நமக்கு இந்தப் பக்கம்ல இருக்கு."
அன்றைக்கு வடக்கு கீழே போனது.
அப்படியே இருக்கட்டும் என்றாள் ரயா.

பிறகு கோடுகள் வந்தன.
மழைக்கு மட்டும் ஆறாகும் வாதியைத் தாண்டிப் பேருந்துக்கு ஒன்று.
வேலிக்கம்பி வளைந்த இடம் வழியாக மளிகைக்கு ஒன்று.
பணம் அனுப்பும் கடைக்கு மட்டும்
எல்லோருக்கும் ஒரே கோடு,
தாள் கிழியும் வரை.

மொஃபிசுல் நிழல் வரைந்தான்.
ஒரு மணிக்குத் தண்ணீர்த்தொட்டியின் நிழல்,
மூன்றரைக்குக் கண்டெய்னர் நிழல்.
நடுவில் வெற்றுத்தாள்.
இங்கே என்ன என்றேன்.
"இங்கே ஓடுவோம்."

செவிலி ஜெபக்கனி போனை நீட்டினாள்.
மயங்கியவர்களைத் தூக்கி வந்த இடங்கள்,
பதினான்கு சிவப்புப் புள்ளிகள்.
அதில் ஒன்பது ஒரே சாலையில்.

தண்ணி லாரி ஓட்டும் குல் ஸமான்
போன புயலில் வெள்ளம் எட்டிய உயரத்தைத்
தன் உடம்பிலேயே காட்டினார்.
இங்கே முழங்கால். அங்கே இடுப்பு.
முகாம் சுவரோரம் விரல் வந்ததும்
கையைத் தலைக்கு மேல் தூக்கினார்.
அவர் உயரத்தைக் கேட்டு, ஒரு முழம் கூட்டி
மீட்டரில் எழுதிக்கொண்டேன்.

அருளப்பன் மட்டும் ஒன்றும் போடவில்லை.
எல்லோரும் கலைந்தபின் கூட்டிப் போனார்
ஏழாம் கட்டடத்தின் முதுகுப்பக்கம்.
நாற்பது ஏசிகளின் சொட்டை ஒரே குழாயில் கோத்து விட்டிருந்தது.
குழாயின் வாயில் ஓர் இலந்தை மரம்.
ரயா பார்த்திருந்தால் சித்ர் என்பாள்.
கீழே பெயின்ட் டப்பாக்கள் ஆறு, இருக்கைகளாக.
கிளையில் கண்ணாடி, கத்தரி, ஒரு வெள்ளைத் துணி.
முடிவெட்ட முந்நூறு பைசா.

"புள்ளி வெச்சா வந்து பாப்பாங்க.
பாத்தா நல்லாருக்கும்பாங்க.
அப்புறம் லைசன்ஸ் கேப்பாங்க."

மரத்தின் ஆயத்தொலை என் போனில் இருந்தது,
ஆறு தசமம் வரை சரியாக.
அன்றிரவு எல்லாக் கோடுகளையும் ஏற்றிவிட்டு
அதை மட்டும் நீக்கினேன்.
விசுவாசமாக நடந்துகொண்டதாக நினைத்தேன்.

எட்டு மாதம் கழித்து வரைவுத் திட்டம் வந்தது.
வாதிக்கு மேலே ஒரு நடைபாலம்.
ஒன்பது புள்ளிச் சாலையில் நிழற்கூரை, அதுவும் இரண்டு பக்கமும்.
வெள்ளம் வடிய, குல் ஸமானின் தலைக்கு மேல் கணக்குப் போட்டு
எட்டு மீட்டர் அகலக் கால்வாய்,
தடையேதும் இல்லாத இடமாகப் பார்த்து
ஏழாம் கட்டடத்தின் பின்னால்.

ஆட்சேபம் சொல்ல வியாழன் வரை கெடு.

சொன்னபோது அருளப்பன் ஒருவர் தலையில் பாதியில் இருந்தார்.
மீதியையும் வெட்டி, பிடரியைத் தட்டி, காசு வாங்கி,
துணியை உதறினார்.
பிறகு பேனாவைக் கேட்டார்.

அவர் போட்ட மரம்
அளவுகோலுக்கு எவ்வளவோ பெரியது;
கால்வாயை மறித்து, பக்கத்துக் கிடங்கின் மேலும் கிளை விட்டிருந்தது.
கிளையில் கத்தரியையும் வரைந்தார், இரண்டு வளையங்களோடு.
"தண்ணி எங்கேர்ந்துன்னு கேப்பாங்கல்ல,
அதையும் எழுதுங்க.
நாப்பது ரூமு. ராத்திரிதான் நல்லா ஓடும்."