எண்பத்து மூன்றாம் நிமிடம்

ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் எங்களுக்குக் கிடைத்தது
ஒரு மேசை, ஒரு மின்விசிறி,
நடுவே ஒரு சாக்குப் படுதா.
அந்தப் பக்கம் கேபிள் டிவிக்குக் காஜா மைதீன்,
இந்தப் பக்கம் பண்பலைக்கு நான்.

கல்லூரிகளுக்குள் கால்பந்து, இறுதி ஆட்டம்.
காஜாவுக்கு வேலை சுளுவு.
‘ஆகா’ என்பார், ‘அடடா’ என்பார்,
மிச்சத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும்.
எனக்குத்தான் எச்சில் விழுங்க நேரமில்லை:
பந்து இப்போது புளியமரத்துப் பக்கம்,
இல்லை, தண்ணீர்த் தொட்டிப் பக்கம்,
ஏழாம் எண் சூசைநாதன் கால் மாற்றி உதைக்க
இந்தக் கார்னர் கிக்கை உங்களுக்கு வழங்குவது
பட்டாம்பூச்சி மார்க் பெருங்காயம்.

‘நீ ஒரு நொடி வாயை மூடினால்
ஆட்டமே நின்றுவிட்டதென்று நினைப்பான் கேட்கிறவன்’
இதைச் சொல்லித்தான் சம்பளம் பேசினார் மேலாளர்.

ஆடி மாதம்.
காற்று அதுவரை சும்மா இருந்ததே அதிசயம்.
தல்லாகுளம் பக்கமிருந்து கிளம்பி வந்து
மைதானத்து மண்ணை மொத்தமாய்த் தூக்கி நிறுத்தியது.
வீரர்கள் இல்லை. நடுவர் இல்லை.
படுதா பறந்து காஜாவின் தலையில்.
அவர் திரையில் வெறும் செம்பழுப்பு.
அவர் பேசவில்லை; அவருக்கு அது முடியும்.

நான் பேசினேன்.
ஒன்பதாம் எண் ஒச்சப்பன் எடுக்கிறார்,
ஒருவரைத் தாண்டுகிறார், இன்னொருவரையும்,
இடது கால்,
கோல்.
கண்ணில் மண்ணோடு தடவித் தடவி
தன் மைக்கையும் என் வாய்ப்பக்கம் திருப்பிவைத்தார் காஜா.

காற்று அடங்கியபோது
பந்து நிஜமாகவே வலைக்குள் கிடந்தது.
கோல் கீப்பர் அதைப் பார்த்தான்,
பக்கத்து வீட்டுக் கோழி உள்ளே வந்ததுபோல.
நடுவர் லைன்ஸ்மேனைப் பார்த்தார்.
லைன்ஸ்மேன் கொடியைப் பார்த்தார்.
வேலிக்கு வெளியே டீக்கடை டிவியில்
சில நொடி பிந்தி வந்துகொண்டிருந்தது என் குரல்:
இடது கால், கோல்.
நடுவர் விசிலை வாயில் வைத்தார்.

பரிசளிப்பு முடிந்து
வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது வந்தான் ஒச்சப்பன்.
கழுத்தில் மாலை, காதில் இன்னும் மண்.
‘அக்கா, நான் அப்ப குனிஞ்சு
லேஸ் கட்டிக்கிட்டு இருந்தேன்.’
பின்னே யார் அடித்தது?
‘யாருக்குத் தெரியும்.
எந்தக் கால்னு சொன்னீங்க?
உசிலம்பட்டி பஸ்ஸுல எங்கம்மா கேட்டுச்சாம்,
வீட்டுக்குப் போனா அடிச்சுக் காட்டச் சொல்லும்.’

இடது, என்றேன்.
குனிந்து ஒருமுறை பார்த்துக்கொண்டான்,
எது இடது என்று.