த்ரீ நாட் த்ரீ

தேவகோட்டை ஆயுத அறையில்
கழிவுக் கணக்கு.
பதினொன்றாவது துப்பாக்கி.
போல்ட்டை இழுத்தால் இன்னும்
வழுக்கிக்கொண்டு வருகிறது.

வரைந்தவன் யாரோ குளிர்நாட்டான்.
பத்து ரவைக்கு ஒரு மணிக்கட்டு போதும் என்று
கணக்குப் போட்டவன்.
பதுங்குகுழிச் சேற்றிலும் பர்மா மழையிலும்
அவன் கணக்குத் தப்பவில்லை.
அதைப் பார்த்துச் செய்தார்கள்,
பார்த்துப் பார்த்துச் செய்தார்கள்.
இங்கே
வாக்குப்பெட்டிக்கும் தேருக்கும்
காவல் நின்றது.
யாரைச் சுட்டது என்பதற்குப்
பதிவேட்டில் பத்தி இல்லை.

கட்டையின் அடிமூடியைத் திறந்தேன்.
பித்தளை எண்ணெய்க் குப்பி.
அதைச் சுற்றி,
குழல் துடைக்கக் கிழித்த
அரக்குக் கட்டம் போட்ட கண்டாங்கி.
ஒரு முனை கரி.
மறு முனையில்
மஞ்சள் கறை, மங்கலாக.

"உள்ளே என்ன?"
ஏட்டு அடைக்கலமேரி பேனாவைத் திறக்கிறார்.

"எண்ணெய்" என்றேன்.