செயப்பாட்டு வினை

செவ்வாய், மாலை ஆறரை. ஒமாஹாவில் பனி.
இருநூற்றுப் பதினாலாம் அறையில் ஹீட்டர் இருமுகிறது.
ரயில்வே பிரேக் பரிசோதகர் டுவெயின்
நகக்கண்ணில் கிரீஸோடு நோட்டைத் திறக்கிறார்.
இரவு ஷிஃப்டுக்குப் போகவேண்டிய நர்ஸ்
கண்ணைத் திறந்துவைத்தே தூங்குகிறாள்.

தெல்மா க்ரூலிக் கொண்டுவந்தது
வீட்டுப்பாடமல்ல, இன்ஷூரன்ஸ் ஆபீஸ் கடிதம்.
பத்தொன்பது வருடமாய் எழுதும் ஒரே கடிதம்;
பெயரும் தேதியும்தான் மாறும்:
தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது.
நிராகரிக்கப்படுகிறது.

ஆசிரியை பிரிம், அவளைவிடப் பதினைந்து வயது இளையவள்,
பென்சிலால் இரண்டு இடத்தில் வட்டமிட்டாள்.
படு. படு.
"பட்டவர் தெரிகிறார்.
செய்தவர் எங்கே?"

டுவெயின் சிரித்தார்.
தெல்மா எழுவாய் தேடினாள்:
கம்பெனி? ஒன்பதாம் விதி? மேலதிகாரி?
ஒவ்வொன்றும் வாக்கியத்தின் வாசல்வரை வந்து
செருப்பைக் கழற்றாமலே திரும்பிற்று.

இடைவேளையில் காப்பி மெஷின்
அவள் காசை விழுங்கிவிட்டுச் சும்மா நின்றது.
ஒரு தட்டு தட்டினாள்.
அதற்குமேல் யாரிடம் கேட்பது?

ஒன்பதரைக்கு, கார் சூடேறும்வரை,
ஸ்டியரிங்கில் காகிதத்தைத் திருப்பிவைத்து
பின்பக்கம் எழுதினாள்:
திருமதி ஹோல்கம்,
உங்கள் கணவரின் இரண்டாவது ஆபரேஷனுக்கு
முடியாது என்று சொன்னது நான்.

நான் என்ற சொல்லில் பேனா அழுந்திக்
காகிதம் கிழிந்திருந்தது.

இதை அனுப்ப முடியாது.
அடுத்த செவ்வாய் பிரிம்மிடம் கொடுக்கலாம்.

படிப்புச் செலவைக் கம்பெனிதான் தருகிறது.
ரசீதோடு விண்ணப்பிக்க வேண்டும்;
'பி' கிரேடுக்குக் கீழே இறங்கினால்
நிராகரிக்கப்படும்.