நேர், மறை

மல்லாவிச் சந்தியில் மத்தியானம்.
சன்னியின் டிக்கிக்குள் அரைவாசி நான்,
வெளியில் என் கால்கள்.

பெயின்ரைச் சுரண்டுகிறேன்.
இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டவேணும்.
இல்லையென்றால் மறைக்கம்பி வாகனத்தோடு ஒட்டாது,
ஒட்டாத கம்பி பாட்டுக்குள் இருந்து இரையும்.
பற்றறியிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பியூஸ்.
மின்சாரம் போகும் தடித்த வயர் இடப்பக்கம்,
பாட்டுப் போகும் மெல்லிய வயர் வலப்பக்கம்.
இரண்டையும் ஒன்றாகப் படுக்கவிட்டால்
எஞ்சின் பாடத் தொடங்கிவிடும்.

பன்னிரண்டு அங்குலத்தில் இரண்டு சப்வூபர்,
ஒவ்வொன்றும் நாலு ஓம்.
தொடராய்க் கட்டினால் எட்டு,
சமாந்தரமாய்க் கட்டினால் இரண்டு.
இரண்டுக்குக் கீழே இறங்காதே என்று
அம்ப்பின் வயிற்றில் எழுதியிருக்கிறது.
ஏ.எல்.லில் பௌதிகம் எனக்கு எஸ்.
இந்தக் கணக்கில் மட்டும் இதுவரை பிழைவிட்டதில்லை.

காரை ஓட்டிவந்தவ சுகிர்தா.
"பின் சீற்று அதிரவேணும் அண்ணை.
மாசம் ஒருக்கா வவுனியாவுக்குப் போறனாங்கள்.
இவருக்கு ரெண்டு காதும் கேக்காது.
கலியாணம் கட்டின நாளிலையிருந்து
நான் தனியத்தான் பாட்டுக் கேக்கிறன்."
எப்ப, எப்படி என்று நான் கேட்கவில்லை.
இந்த றோட்டில் அதை யாரும் கேட்பதில்லை.
யோகசீலன் பழைய டயரொன்றில் குந்தியிருந்து
என் குறட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீல வயரைத் தொட்டதும் பச்சை லைற் எரிந்தது.
பாட்டுப் போட்டேன்.
கதவு ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல்,
அதற்கு அடியில் ஒன்றுமில்லை.
கூட்டினேன். தீய்ந்த மணம்.
குறைத்தேன். பியூஸைக் கழற்றிப் பூட்டினேன்.
மீற்றர் வைத்தேன்: இரண்டு ஓம், கொஞ்சம் குறைய.
எல்லாம் சரி.
எல்லாம் சரியாய் இருந்து, சத்தம் மட்டும் இல்லை.

மாங்குளம் பஸ் ஒன்று போய், இன்னொன்றும் போனது.
முன்கடைக்காரன் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து
"அம்ப் செத்துப்போச்சு" என்றான்,
யாரும் கேட்காமலே.

அப்போதுதான் அவர் எழும்பி வந்தார்.
என்னை விலத்தி,
இடது கையை ஒரு கூம்பிலும் வலது கையை மற்றதிலும்
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் வைத்தார்.
கண்ணை மூடவில்லை, றோட்டைப் பார்த்தபடியே நின்றார்.
பிறகு இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டி
ஒன்றை முன்னால் தள்ளி மற்றதைப் பின்னால் இழுத்தார்.
மாறி. மாறி.
இரண்டு பேர் மரம் அரிகிற வாளைப்போல.

ஒன்று வர மற்றது போகிறது.
ஒன்று தள்ளும் காற்றை மற்றது குடித்துவிடுகிறது.

பஞ்சிகாவத்தையில் வாங்கின பழைய பொக்ஸ் அது.
திறந்தேன். உள்ளே எவனோ
இரண்டு முனைக்கும் கறுப்பு வயரையே ஈயத்தால் ஒட்டி,
சிவப்புப் பூட்டுக்குப் பின்னால் மறையை வைத்திருந்தான்.
வெளியில் தெரிந்த நிறத்தை நம்பினவன் நான்.
மாற்றி ஒட்ட மூன்று நிமிடம்.

தேத்தண்ணிக் கோப்பை மேசையில் நடந்தது.
நாய் எழும்பி, இடம் மாறிப் படுத்தது.
பின் சீற்றில் முதுகைச் சாய்த்திருந்தவர்
பாட்டுக்கு ஒரு மயிரிழை பிந்தி
கதவை விரலால் தட்டத் தொடங்கினார்.
சுகிர்தா அதைப் பார்க்கவில்லை.
ஐந்நூறு ரூபா குறைக்கச் சொல்லி
என்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தா.

வெளிக்கிட்டபோது
பின் நம்பர்த்தகடு ஒவ்வொரு அடிக்கும் சளசளத்தது.
கை காட்டி மறித்தேன்.
சைக்கிள் ரியூப்பில் இரண்டு துண்டு வெட்டி
ஸ்குரூவுக்கு அடியில் வைத்து இறுக்கினேன்.
அதற்குக் காசு வாங்கவில்லை.
அவருக்கு அது கேளாது.
அவவுக்குக் கேட்கும்.