ஒத்திவைப்பு

மல்லாகம் நீதிமன்றில்
சாட்சி சொல்வதைத் தட்டச்சில் இறக்குகிறவள் நான்.
நீதவான் எழும்பாமல் ஒருவரும் எழும்பேலாது.
அது எந்தக் கட்டளைச் சட்டத்திலும் இல்லை.
பத்தொன்பது வருஷமாய் என் அடிவயிற்றில் இருக்கிறது.

போன வருஷம் ஒரு சேவல் களவு.
சாட்சிக்காரன் சொன்னான்:
"என்னைக் கண்டால் கூவும் ஐயா.
கள்ளனைக் கண்டு மரியாதையாய்ப் பேசாமல் இருந்திட்டுது."
மண்டபமே சிரித்தது. நானும்.
சிரிப்பு முடிய முன்னம்
கதிரை ஈரம்.

அதுக்குப் பிறகு கடும் நிறச் சேலை மட்டும்.
விடிய ஒரு மிடறு, பிறகு பின்னேரம் வரை வாய் நனைப்பதில்லை.
காங்கேசன்துறை வீதியில்
எந்தக் கடைக்குப் பின்னால் கழிவறை,
எதுக்குக் கொளுவி இல்லை,
எதன் திறப்பு யாரிடம்:
வேறெவரும் வரையாத வரைபடம் ஒன்று
என் தலைக்குள் இருந்தது.

"மூண்டு பெத்தவளுக்கு இது வழமைதானே"
என்றாள் மச்சாள்.
வழமை என்ற சொல்லை
ஆயிரம் காணி வழக்கில் தட்டியிருக்கிறேன்.
தேசவழமைக்கே மேன்முறையீடு உண்டு.

போதனா வைத்தியசாலையில் டொக்டர்
முதலில் மருந்து தரவில்லை.
ஒரு அளவுச் சாடி, மூன்று நாள், ஒரு கொப்பி.

5.10. முந்நூறு மில்லி.
6.40. தேத்தண்ணி.
7.05. தும்மல். கொஞ்சம்.
10.20. நீதவான் எழும்பவில்லை.

கொப்பியைப் பார்த்துவிட்டுச் சொன்னா:
உள்ளே வைக்கிற வளையம் ஒன்று இருக்கு,
நாடா வைத்துத் தாங்குகிற சத்திரசிகிச்சையும் இருக்கு.
அடக்கேலாமல் ஓடுகிறவர்களுக்குக் குளிசை, வாய் காயும்.
உங்களுக்கு முதலில்
மூன்று மாதம் தசைக்கு வேலை குடுப்பம்.

பிசியோதெரபி மிஸ்ஸின் பெயர் நிரோஜினி.
என் மூத்தவளின் வயசு. துளி வெட்கமில்லை.
"காத்துப் போகாமல் பிடிக்கிற மாதிரி இறுக்குங்கோ.
மேலை இழுங்கோ. பத்து எண்ணுங்கோ. விடுங்கோ.
மூச்சைப் பிடிக்காதேங்கோ.
தொடையை விடுங்கோ, அன்ரி,
முகத்தையும் விடுங்கோ."

தண்ணியைக் குறைக்கக் கூடாதாம், தேத்தண்ணியைத்தானாம்.
தும்ம ஒரு கணம் முன்னம் இறுக்க வேணுமாம்.
அவசரம் வந்தால் ஓடாமல் நின்று
ஐந்து நிமிஷம் ஒத்திவைக்க வேணுமாம்.
ஒத்திவைப்பு!
எனக்குத் தெரியாத சொல்லா அது?

வெளியே வாங்கில்,
எக்ஸ்ரே உறையால் மடியை மூடிக்கொண்டு
சட்டத்தரணி குலவீரசிங்கம்.
குறுக்கு விசாரணையில் பொலிஸ்காரனையே வியர்க்க வைக்கிற மனுசன்.
புரொஸ்டேட் வெட்டி நான்கு மாதமாம்.
அதைப் பிறகுதான் அறிந்தேன்.
அன்று அவர் கூரையில் பல்லியைப் பார்த்தார்.
நான் பல்லி இருந்த இடத்தைப் பார்த்தேன்.
எங்கள் இருவருக்கும் மிஸ் தந்தது ஒரே கடதாசி.
படம் மட்டும் வேறு.

அடுத்த தவணை,
பதினொன்றரைக்கு அவர் எழும்பினார்.
"ஐயா, ஆவணமொன்றைப் பார்வையிட
பத்து நிமிட ஒத்திவைப்புக் கோருகிறேன்."
அந்த வழக்கில் ஆவணமே இல்லை.
"ஆவணம் பார்வையிட" என்று
பிழையில்லாமல் தட்டினேன்.
நீதவான் எழும்பினார்.
அவர் இடப்பக்கம் நடந்தார், நான் வலப்பக்கம்.
ஓடவில்லை.

சாட்சிகள் பெயர், வயது, விலாசம் சொல்லும்போது
மேசைக்குக் கீழே என் வேலை நடக்கிறது.
பத்து எண்ணி விடுகிறேன்.
ஒருவருக்கும் தெரியாது.
ஒருவருக்குத் தெரியும்.

மூன்றாம் மாதக் கொப்பி:
தும்மல் ஆறு, ஈரம் ஒன்று.
தண்ணீர்ச் செம்பைத் தூக்கினதில் ஒன்று.
முழு விடுதலை இல்லை, பிணை.
வளையத்தைப் பற்றி தையில் கதைப்பமாம்.

முந்தநாள் ஆட்டுக்கடா வழக்கு.
கடா எதிரியின் வேட்டியைத் தின்ற கதையைச்
சாட்சிக்காரி சொல்லச் சொல்ல
மண்டபம் சிரித்தது.
நான் ஒரு கணம் பிந்திச் சிரித்தேன்.
நிமிர்ந்து பார்த்தால்,
எதிர்த்தரப்பு மேசையில்
குலவீரசிங்கமும்
ஒரு கணம் பிந்தித்தான்.