குறைபயன்பாட்டுக் காணி

கடிதம் சிங்களத்தில் வந்தது.
தமிழாக்குவது என் வேலை.
கந்தோரின் மூன்றாம் மாடியில், மின்விசிறிக்கு எதிர்மேசையில்
ஒரு கையால் தாள்களை அமர்த்திக்கொண்டு
மறுகையால் எழுதுகிறவன் நான்.

'குறைபயன்பாட்டுக் காணி' என்று போட்டேன்.
அகராதிப்படி சரி.
மேலதிகாரிக்குத் தமிழ் வாசிக்க வராது.
எழுத்துகளின் உயரம் பார்த்துத் தலையசைத்தார்.

வாசித்துக் காட்டவும் என்னையே அனுப்பினார்கள்,
கிராண்ட்பாஸில், கால்வாய்க் கரையில்,
நூற்றெண்பத்தாறாம் தோட்டத்துக்கு.
தோட்டம் என்பது பெயர்தான்.
அங்கே வளர்வது ஒரே ஒரு முருங்கை,
கக்கூஸ் வரிசைக்குப் பின்னால்,
கறண்ட் கம்பத்தில் சாய்ந்தபடி.

கதவுகளில் சிவப்பு இலக்கம் அடித்திருந்தார்கள்.
கதவில்லாத வீட்டுக்குத் திரையில்.
திரை அசைய,
நாற்பத்தேழு சிலவேளை நாற்பத்தொன்றாகும்.

ஹம்சியாவின் வீடு ஒன்றேகால் பேர்ச்.
கீழே தையல் மெஷின், காஸ் அடுப்பு.
மேலே பலகைத்தட்டு, அதற்கொரு ஏணி.
பதினொரு பேர்.
துறைமுகத்தில் இரவுவேலை பார்க்கும் மூத்தவன்
விடிய ஆறு மணிக்கு வருவான்.
இளையவன் அப்போது எழும்புவான்.
பாய் ஆறுவதேயில்லை என்றாள்.

நான் கடிதத்தை வாசித்தேன்.
அவள் முழுதும் கேட்டுவிட்டுச் சுற்றிப் பார்த்தாள்.
"சேர், இதில கொறயப் பாவிக்கிற எடம் எங்க ஈக்கி?
காட்டுங்களே,
பொட்டி ஒண்டு வெக்கத்தான்."

கூட வந்த நில அளவையாளர்
நாடாவைச் சுருட்டினார்.

பூமயிலின் புருசன் கடலை வண்டியோடு நின்றான்.
ஒன்பதாம் மாடி என்கிறீர்கள்,
லிப்டுக்குள் வண்டி போகுமா?
படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
வண்டிக்குக் கட்டம் இல்லை.
பொதுக் குழாயடியில்
ஆட்களுக்குப் பதில் வாளிகள் வரிசையில் நிற்கும்,
ஆட்கள் வேலைக்குப் போயிருப்பார்கள்.
இருபது வருசத்தில் இரண்டே தரம்தான்
ஒரு வாளி முந்தியது என்று
குசுமாவதி சிங்களத்தில் சொன்னாள்.
இரண்டும் எந்த வாளி என்றும் சொன்னாள்.
அதற்கும் கட்டம் இல்லை.

இதையெல்லாம் அழகு என்று நான் எழுதிவிடக் கூடாது.
மே மழைக்குக் கால்வாய் உள்ளே வரும்,
வந்து போனபின் சுவரில்
இடுப்பளவு உயரத்தில் தன் கோட்டை விட்டுப் போகும்.
எல்லோரும் கலைந்த பிறகு
பூமயிலின் மகள் டிலக்சி மெல்ல வந்து கேட்டாள்:
"பாத்ரூம் உள்ளுக்கையா?
தாழ்ப்பாள் இருக்குமா?"
இருக்கும் என்றேன்.
அன்று முழுக்க நான் தெளிவாகச் சொன்ன பதில்
அது ஒன்றுதான்.

இருட்டியபின் பிளேன்ரீ கொடுத்து
மனு எழுதித் தரச் சொன்னார்கள், சிங்களத்தில்.
தையல் மெஷின் மூடியில் வைத்து எழுதினேன்.
ஒருத்தர் வண்டி என்றார், ஒருத்தர் நட்டஈடு என்றார்,
போகவே மாட்டோம் என்றார் துவான் ஜமால்டீன்,
எப்போது போகலாம் என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.
எல்லாவற்றையும் 'பணிவுடன்' என்ற சொல்லால் கட்டினேன்.

செவ்வாய்க்கிழமை அந்த மனு என் மேசைக்கே வந்தது.
பைலுக்குத் தமிழ்ப் பிரதி ஒன்று வேண்டுமாம்.

என் கையெழுத்தை நானே
புதிதாகப் பார்ப்பவன்போல வாசித்தேன்.
நான்காம் பந்தி:
'உறங்கும் ஏற்பாடு சுழற்சி முறையில் நடைபெறுகிறது'.
அப்படித்தான் சிங்களத்தில் எழுதியிருந்தேன்,
கந்தோருக்குப் புரியும்படி.
பேனையைக் கொஞ்சநேரம் மூடி வைத்தேன்.
மின்விசிறி தாள்களின் ஓரத்தைத் தூக்கியது.
பிறகு எழுதினேன்:
'பாய் ஆறுவதேயில்லை'.

மேலதிகாரி எழுத்துகளின் உயரம் பார்த்துத்
தலையசைத்தார்.

பைல் இப்போது நாலாம் மாடியில்.
அங்கே தமிழ் தெரிந்தவர்
லீவில் என்று கேள்வி.